ஹேரியட் டப்மன்: பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கைச் சொல்வது?

கேள்வி, பிப்ரவரி 6

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1849-இல் தப்பி, பிறகு அடிமைமுறை இருந்த தெற்குப் பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களையும் மீட்ட ஹேரியட் டப்மன் பற்றி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் சொல்ல வேண்டும். கிடைத்த குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. 19 முறை தெற்கே போனார், 300 பேரை மீட்டார், அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்தார்கள், தலைமறைவு ரயில் பாதையில் எல்லோரையும் அழைத்து வந்தார். இப்படியே சொல்லிவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

அப்படியே சொல்லாதீர்கள். மூன்று எண்களுமே தவறு. ரயிலும் கிடையாது.

19, 300 இரண்டும் 1869-இல் சாரா பிராட்போர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து பரவியவை. ஹேரியட்டின் வறுமையைப் போக்கப் பணம் திரட்டவே அவசரமாக எழுதிய புத்தகம் அது. 1858, 59-இல் கூட்டங்களில் பேசியபோது ஹேரியட் தன் வாயால் சொன்ன கணக்கு எட்டு ஒன்பது பயணம், ஐம்பது அறுபது பேர். பிற்கால ஆய்வாளர்கள் பெயர் பெயராகச் சரிபார்த்துச் சேர்த்தது 1850 முதல் 1860 வரை சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். அவர் வழி சொல்லிக் கொடுத்து, தாங்களாகவே தப்பியவர்கள் கிட்டத்தட்ட இன்னொரு 70 பேர்.

40,000 டாலர் 1867-இல் வந்த எண். அவருக்கு அரசு உதவி கேட்டு அடிமை ஒழிப்பாளர் சேலி ஹாலி பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தைப் பிடிக்க 1865-இல் போர்த்துறை அறிவித்ததே 50,000 டாலர்தான். ஹேரியட் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே வெகுமதி விளம்பரம் 1849 அக்டோபர் 3 தேதியிட்டது. அவரும் இரண்டு தம்பிகளும் ஓடிப்போனதாக உரிமைக்காரி எலைசா பிரோடெஸ் கொடுத்தது. மாநிலத்துக்குள் பிடித்தால் தலைக்கு 50 டாலர், வெளியே பிடித்தால் 100. அதில் ஹேரியட் பெயர் 'மின்ட்டி'. வயது சுமார் 27, உயரம் சுமார் 5 அடி.

அந்த ஐந்தடியைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். வகுப்பில் உயரமான பிள்ளை ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

பிப்ரவரி 7

"70 என்றால் குறைந்துபோகிறதே, பிள்ளைகளுக்கு ஈர்ப்பு இருக்குமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 300 என்பது கூட்டம். 70 பேருக்குப் பெயர் இருக்கிறது, உறவு இருக்கிறது. யாரை, எந்த மாதம், எப்படி என்று சொல்ல முடிகிறது. முதல் மீட்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1850 டிசம்பர், அடிமைமுறை இருந்த மேரிலாந்து மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் ஊர் நீதிமன்ற வாசல். ஹேரியட்டின் அக்கா மகள் கெசையாவும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் ஏலத்துக்கு நிற்கிறார்கள். கெசையாவின் கணவர் ஜான் பவுலி அடிமையல்லாத கறுப்பர், கப்பல் தச்சர். கூட்டத்தில் அவரும் நின்று ஏலம் கேட்கிறார். ஏலம் அவருக்கே முடிகிறது. ஏலக்காரர் சாப்பிடப் போய்விட்டு வந்து பணத்தைக் கேட்டால், கட்ட ஆள் இல்லை. தாயும் பிள்ளைகளும் அதற்குள் பக்கத்தில் ஒரு பெண்மணியின் வீட்டில் ஒளிந்துவிட்டார்கள். இரவில் ஜான் அவர்களைப் படகில் ஏற்றி பால்டிமோருக்குக் கொண்டுபோனார். ஹேரியட் காத்திருந்தது பால்டிமோரில்தான். கேம்பிரிட்ஜுக்கு அவர் போகவேயில்லை.

இந்த ஒரு சம்பவத்திலேயே அவருடைய முறை முழுதும் தெரிகிறது. உள்ளூரில் நம்பகமான ஆள், முன்கூட்டிய செய்தி, நீர்வழி. அவரைத் தனி வீராங்கனையாகக் காட்டினால் ஜான் பவுலி காணாமல் போய்விடுகிறார். அப்படிக் காட்டக்கூடாது என்பதே நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது.

பிப்ரவரி 7, சற்றுப் பின்

ரயில் விஷயம். தலைமறைவு ரயில் பாதை என்பது தப்பி வருபவர்களுக்கு ரகசியமாக உதவிய ஆட்களின் வலை. தண்டவாளம், சுரங்கம் எதுவும் இல்லை. ஒளிவிடம் கொடுத்த வீடு 'நிலையம்'. வழிகாட்டியவர் 'நடத்துநர்'. தப்பி வருபவர் 'பயணி' அல்லது 'சரக்கு'. அவ்வளவுதான். பிள்ளைகள் கட்டாயம் "எஞ்சின் எங்கே?" என்று கேட்பார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 9

எப்படி நடந்தார்கள் என்று விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள்.

ஹேரியட் பிறந்தது 1822 வாக்கில், மேரிலாந்தின் கிழக்குக் கரையில் டார்செஸ்டர் மாவட்டத்தில். பெற்றோர் வைத்த பெயர் அரமின்டா ராஸ், 'மின்ட்டி' அதன் சுருக்கம். அந்த ஆண்டு மார்ச்சில் அவருடைய தாய் ரிட்டுக்காக மருத்துவச்சிக்கு 2 டாலர் கொடுத்ததாகப் பண்ணையார் கணக்கேட்டில் இருக்கிறது. அது சதுப்பும் காடும் ஓடையுமான பூமி. சிறுமியாக இருக்கும்போதே குளிர்நீரில் இறங்கி மஸ்க்ராட் என்ற நீரெலிக்கு வைத்த பொறிகளைப் பார்க்க அனுப்பினார்கள். வளர்ந்தபின் அப்பா பென் ராஸோடு மரம் வெட்டி இழுக்கும் வேலை. மரம் படகில் போகும். படகோட்டிகளில் பலர் கறுப்பர்கள். எந்தத் துறையில் யார் நல்லவர், எந்த ஊரில் யார் பிடித்துக் கொடுப்பார் என்ற செய்தியெல்லாம் அவர்கள் வழியே வந்தது. பின்னால் அவர் செய்ததற்கெல்லாம் பள்ளிக்கூடம் இதுதான். எழுதப் படிக்க அவர் கடைசிவரை கற்கவில்லை.

அங்கிருந்து அடிமைமுறை இல்லாத பென்சில்வேனியாவின் எல்லை சுமார் 90 மைல், அதாவது 145 கிலோமீட்டர். சாப்டாங்க் ஆறு வடகிழக்கிலிருந்து இறங்கி வருகிறது. நீரோட்டத்தை எதிர்த்துக் கரையோடு போனால் டெலவேர் எல்லைப் பக்கம் போய்ச் சேரலாம். மேகமில்லாத இரவில் துருவ நட்சத்திரம் உண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை. கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால், முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 பாகை, அடிவானத்துக்கு மேல் ஒன்றேகால் முஷ்டிதான். கட்டடமோ மரமோ மறைத்துவிடும். டப்மன் நடந்த நாட்டில் சுமார் 39 பாகை, நான்கு முஷ்டி உயரம். நம் ஊரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நட்சத்திரம் அவர்களுக்குக் காட்டின் மேல் எப்படித் தெரிந்தது என்பது இதைச் செய்துபார்த்தால்தான் பிடிபடும்.

காலம்: பெரும்பாலும் இலையுதிர் காலமும் குளிர்காலமும். டிசம்பரில் அங்கே இரவு பதினாலரை மணி நேரம், ஜூனில் ஒன்பதுதான். நடை இரவில் மட்டும் என்பதால் ஒரே இரவில் கடக்கும் தூரம் அதிகம். குளிரில் ஆட்கள் வீட்டுக்குள் அடங்கியிருப்பார்கள்.

கிழமை: சனி இரவு கிளம்புவதை விரும்பினார். ஞாயிறு பத்திரிகை அச்சாகாது. ஓடிப்போனவர் பற்றிய விளம்பரம் திங்களுக்கு முன் வெளிவராது.

குழந்தைகள்: கைக்குழந்தை அழுதால் எல்லோரும் அகப்படுவார்கள். அபின் கலந்த மருந்தைத் துளியளவு கொடுத்துத் தூங்க வைத்தார். அந்தக் காலத்தில் வீட்டு மருந்தாகப் புழங்கியது அது, மூச்சையே நிறுத்திவிடக்கூடியதும்கூட. வகுப்பில் "தூக்க மருந்து" என்று சொன்னால் போதும், இன்று யாரும் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாட்டு: ஆட்களை மறைவில் விட்டுவிட்டு முன்னே போய் நிலவரம் பார்த்துவருவார். வெளியே வரலாமா கூடாதா என்பது அவர் பாடிக்கொண்டு வரும் பக்திப் பாட்டிலிருந்து தெரியும்.

துப்பாக்கி: வைத்திருந்தார். பிடிக்க வருபவர்களுக்காகவும், பாதியில் திரும்புகிறேன் என்பவர்களுக்காகவும். திரும்பிய ஒருவரை அடித்துக் கேட்டால் வழியிலுள்ள எல்லா வீடும் போச்சு.

பிப்ரவரி 10

போர்வைத் தையலில் ரகசியக் குறி வைத்து வழி காட்டினார்கள் என்பதைக் கதையில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். 1999-இல் வெளிவந்த ஒரு புத்தகத்தால் பரவியது அது. தப்பி வந்தவர்கள் தந்த வாக்குமூலங்களில் அப்படி எதுவும் இல்லை. பள்ளியில் வண்ணத்துணி ஒட்டிச் செய்ய வசதியாக இருப்பதால் நிலைத்துவிட்டது. அதற்குப் பதில் முஷ்டிக் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 12

சனிக்கிழமை பற்றி ஒரு சேர்க்கை. அதை மாறாத விதியாகச் சொல்லவேண்டாம். 1849-இல் அவரும் தம்பிகளும் முதன்முதல் ஓடியது செப்டம்பர் 17, திங்கட்கிழமை. விளம்பரம் வரவே இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. அவர்களை வேறொருவரிடம் வாடகைக்கு விட்டிருந்ததால் எலைசாவுக்கு உடனே தெரிந்திருக்காது. அந்த முறை தம்பிகள் பயந்து திரும்பினார்கள், ஹேரியட்டையும் திரும்பவைத்தார்கள். சில நாளில் அவர் தனியாகக் கிளம்பிவிட்டார்.

சனி இரவில் கிளம்பியதற்கு எடுத்துக்காட்டு 1854 கிறிஸ்துமஸ். பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு கதைதான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்.

அண்ணன் ராபர்ட், தம்பிகள் பென், ஹென்றி மூவரையும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விற்கப்போவதாகச் செய்தி வந்தது. ஹேரியட் ஒருவரைக்கொண்டு ஜேக்கப் ஜாக்சனுக்குக் கடிதம் எழுதுவித்தார். ஜாக்சன் அடிமையல்லாத கறுப்பர், எழுத்தறிந்தவர். அவருக்கு வரும் கடிதத்தை அஞ்சலகத்தில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்பது ஹேரியட்டுக்குத் தெரியும். அதனால் ஜாக்சனின் வளர்ப்பு மகன் எழுதுவதுபோல எழுதச் சொன்னார். வீட்டுப் பெரியவர்களுக்கு அன்பு, சகோதரர்கள் எப்போதும் விழித்திருந்து ஜெபிக்கட்டும், சீயோன் கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்கட்டும் என்று. வளர்ப்பு மகனுக்குப் பெற்றோரோ சகோதரரோ கிடையாது. படித்த வெள்ளைக்காரர்கள் குழம்பினார்கள். ஜாக்சன் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, "எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, இது எனக்கு வந்த கடிதமே இல்லை" என்ற பாவனையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே சகோதரர்களிடம் போய்ச் சொன்னார்.

சனி இரவு புறப்பாடு. ராபர்ட்டின் மனைவிக்கு அன்றைக்குப் பிரசவ வலி. அவர் வரவில்லை. ஹேரியட் காத்திருக்கவில்லை, யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த கட்டுப்பாடு. ராபர்ட் பின்னால் விரைந்து வந்து, பாப்ளர் நெக்கில் பெற்றோர் குடிசைக்குப் பக்கத்துத் தீவனக் கொட்டகையில் சேர்ந்துகொண்டார். கிறிஸ்துமஸ் பகல் முழுதும் அங்கே மழையில். அம்மா ரிட் பிள்ளைகள் விருந்துக்கு வருவார்கள் என்று சமைத்துவைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகை இடுக்கு வழியே பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். வெளியே வரவில்லை. அவர் சத்தம் போட்டு அழுதால் எல்லாம் முடிந்துவிடும். கூட வந்த வேற்றாட்கள் இரண்டு பேரை அனுப்பி அப்பாவை மட்டும் எழுப்பினார்கள். அப்பா பென் உணவு கொண்டுவந்து வைத்தார், கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு. இரவு அவர்கள் கிளம்பியபோதும் கட்டை அவிழ்க்காமலே கொஞ்ச தூரம் கூட நடந்துவந்து வழியனுப்பினார். பிறகு தேடி வந்தவர்களிடம் அவர் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை, பிள்ளைகளை அந்தக் கிறிஸ்துமஸில் அவர் பார்க்கவில்லைதானே.

பிப்ரவரி 12, தொடர்ச்சி

டெலவேரின் வில்மிங்டனில், தப்பி வந்தவர்களுக்கு உதவிய தாமஸ் காரெட் என்ற வணிகர் (குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) டிசம்பர் 29 அன்று எழுதிய கடிதம் இருக்கிறது. முந்தைய இரவு ஹேரியட்டையும் ஆறு ஆண்களையும் ஒரு பெண்ணையும் அனுப்பிவைத்தேன், ஹேரியட்டுக்கும் ஆண்களில் ஒருவருக்கும் காலணி தேய்ந்தே போய்விட்டது, 2 டாலர் கொடுத்தேன், என் செலவில் வண்டி அமர்த்தச் சொன்னேன் என்று. திங்கள் இரவு கிளம்பி வியாழன் இரவுக்குள் வில்மிங்டன். காலணி அற்றுப்போனதில் வியப்பில்லை. அந்த ஒரு பெண் ஜேன் கேன், தம்பி பென்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர், ஆண் உடையில் வந்தார். 29-ஆம் தேதி பிலடெல்பியாவில், தப்பி வந்தவர்களுக்கு உதவிய கறுப்பர் வில்லியம் ஸ்டில் ஒவ்வொருவர் பெயரையும் ஏட்டில் பதிந்தார். ஸ்டில் அப்படிப் பதிந்துவைத்ததால்தான் நாம் இன்று எண்ணிக்கை பேச முடிகிறது.

பிப்ரவரி 15

"எதுவுமே தவறவில்லையா?" நல்ல கேள்வி. தவறியவை நிறைய.

உடம்பு முதலில். சிறுமியாக இருந்தபோது பக்டவுன் கடையில் ஒரு மேற்பார்வையாளர் ஓடும் ஆளை நோக்கி வீசிய இரண்டு பவுண்டு எடைக்கல் ஹேரியட்டின் தலையில் பட்டு மண்டை உடைந்தது. வாழ்நாள் முழுதும் திடீர்த் தூக்கம் வரும், நடுவழியிலும். அவர் விழிக்கும்வரை கூட வந்தவர்கள் அங்கேயே காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கணவர் ஜான் டப்மனை அழைத்துப்போக 1851-இல் திரும்பி வந்தார். ஜான் வேறு பெண்ணோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார், வர மறுத்தார். ஹேரியட் அந்தப் பயணத்தை வீணாக்கவில்லை, வர விரும்பிய வேறு சிலரைத் திரட்டிக் கூட்டிப்போனார்.

1856 நவம்பர்: ஹேரியட் அழைத்துவந்தவர்களில் ஜோ பெய்லி என்ற ஒருவருக்கு மட்டும் 1,500 டாலர் வெகுமதி. பெரிய வெகுமதி வேண்டும் என்பவர்கள் இந்த உண்மையான எண்ணைச் சொல்லலாம். வில்மிங்டன் பாலத்தில் காவல் போட்டுவிட்டார்கள். காரெட் இரண்டு வண்டி நிறையக் கொத்தனார்களை அனுப்பினார். காலையில் பாடிக் கூத்தடித்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனார்கள், இரவில் அதேபோலப் பாடிக்கொண்டு திரும்பினார்கள். வண்டியின் அடியில் ஜோவும் மற்றவர்களும். காவலர்கள் காலையில் பார்த்த அதே கூட்டம் என்று விட்டுவிட்டார்கள்.

துரோகமும் உண்டு. 1857 மார்ச்சில் தப்பி வந்த எட்டுப் பேரை வழிகாட்டி தாமஸ் ஓட்வெல் வெகுமதிக்காக நேரே டோவர் சிறைக்கே கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போனதும் விஷயம் தெரிந்து ஜன்னலை உடைத்துக் குதித்துத் தப்பினார்கள். வழியில் அவர்களுக்கு இடம் கொடுத்தவர் பென் ராஸ், ஹேரியட்டின் அப்பா. கைது வரும் என்று தெரிந்ததும் அதே ஆண்டு ஹேரியட் பெற்றோரையும் கிளப்பினார். எழுபதைத் தொட்ட இருவரால் இரவெல்லாம் நடக்க முடியாது. ஒரு கிழட்டுக் குதிரை, வைக்கோலால் செய்த கழுத்துப்பட்டை, பழைய வண்டிச் சக்கரம் இரண்டு, அச்சின் மேல் உட்கார ஒரு பலகை. அதில் ஏற்றிக் கொண்டுபோனார்.

பெரிய தோல்வி 1860-இல். கடைசிப் பயணம் தங்கை ரேச்சலை மீட்க. போய்ச் சேர்ந்தால் ரேச்சல் இறந்துவிட்டிருந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவர 30 டாலர் வேண்டியிருந்தது, அது இல்லை. பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பயணத்தில் என்னல்ஸ் குடும்பத்தை அழைத்துவந்தார். 30 டாலரை மறைக்காமல் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது தாங்கும், புரியவும் செய்யும்.

பிப்ரவரி 16

தப்பியவர்களை ஏன் கனடா வரை கூட்டிப்போனார்? தப்பிய அடிமைகளைப் பிடிப்பதற்கான 1850 சட்டம் காரணம். வடக்கு மாநிலங்களிலும் தப்பியவரைப் பிடிக்கலாம். உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசாரிக்கும் அதிகாரி ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். கனடா பிரிட்டிஷ் ஆட்சியில். அங்கே 1834-இலேயே அடிமைமுறை ஒழிந்துவிட்டது. செயின்ட் கேதரின்ஸ் ஊரில் அவர்கள் குடியேறினார்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் செய்தி: அந்த பிரிட்டிஷ் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று சட்டத்திலேயே விலக்கிவைத்தார்கள். இந்தியாவில் 1843, இலங்கையில் 1844 என்று தனித்தனியாக வந்தது.

பிப்ரவரி 19

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தைச் சேர்க்க நேரமிருந்தால் கம்பாஹீ ஆற்றுத் தாக்குதலைச் சொல்லுங்கள். 1863 ஜூன் 2, தென் கரோலைனா. கர்னல் மான்ட்கோமரியின் கறுப்பர் படை சுமார் 300 பேர். கிளம்பிய மூன்று படகுகளில் ஒன்று தரைதட்டி நின்றுவிட்டது. ஆற்றில் கண்ணிவெடி எங்கெங்கே என்பதை அங்குள்ள அடிமை மக்களிடமிருந்து முன்பே கேட்டு வைத்திருந்தார் ஹேரியட். ஒரே இரவில் சுமார் 750 பேர் விடுதலை. சட்டியில் சோறு புகைய ஓடிவந்தார்கள், பன்றியும் கோழியுமாக. ஒரு பெண்ணின் இரண்டு பன்றிகளைச் சுமக்கப்போய் ஹேரியட்டின் பாவாடை கிழிந்தது. இனிமேல் கால்சட்டை மாதிரி உடைதான் என்று முடிவு செய்து, அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதுவித்தார்.

படை முகாமில் பகலில் மருத்துவப் பணி. இரவில் 'பை' (pie) என்ற அடைப் பலகாரம் சுமார் ஐம்பது சுட்டு, இஞ்சி ரொட்டியும் வேர்ச்சாறு பானமும் செய்து விற்றுப் பிழைத்தார். அரசிடமிருந்து போர்க்காலம் முழுவதற்கும் கிடைத்தது 200 டாலர். அதையும் விடுதலையான பெண்கள் துணி வெளுத்துச் சம்பாதிக்க ஒரு கூடம் கட்டச் செலவிட்டார். ஓய்வூதியம் 1895-இல்தான், அதுவும் இறந்த இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸின் மனைவி என்ற முறையில், மாதம் 8 டாலர். 1899-இல் செவிலியர் பணிக்காக 12 சேர்த்து 20 ஆக்கினார்கள்.

பிப்ரவரி 22

படம் எது வைப்பது என்று கேட்டீர்கள். எல்லோரும் வைப்பது முக்காடிட்ட கிழவியின் படம். பயணங்கள் செய்த காலத்தில் அவருக்கு வயது 28-இலிருந்து 38. 1868 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் எடுத்த ஒரு படம் 2017-இல் வெளிச்சத்துக்கு வந்தது. நாற்காலியில் சாய்ந்து, நிமிர்ந்து பார்க்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண். அதை வையுங்கள்.

பிப்ரவரி 23

முடிவில் என்ன சொல்வது என்றவருக்கு. ஆபர்னில் 1859-இல் செனட்டர் சீவார்டிடமிருந்து 1,200 டாலருக்கு ஏழு ஏக்கர் வாங்கியிருந்தார். 1896-இல் பக்கத்து 25 ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. 1,450 டாலருக்கு எடுத்தார், முதியோர் இல்லம் கட்ட. கட்ட முடியாமல் 1903-இல் கறுப்பர்களின் மெதடிஸ்ட் திருச்சபையான சீயோன் சபைக்கு எழுதிக்கொடுத்தார். இல்லம் 1908-இல் திறந்தது. சேருபவர் 100 டாலர் கட்ட வேண்டும் என்று சபை விதி போட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. பணமே இல்லாதவர் மட்டும்தான் வரவேண்டும் என்று விதி போட நினைத்திருந்தேன் என்றார். 1911-இல் அவரே அங்கே நோயாளியாகச் சேர்ந்தார். 1913 மார்ச் 10 அன்று நிமோனியாவில் இறந்தார்.

அந்த 100 டாலர் சண்டையையும் சொல்லுங்கள். பிள்ளைகள் அதில்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள்.